எட்டுத் தகடும் வரையறை வாரியமும்

மாநிலக் கணிமை வரையறை வாரியத்திலிருந்து வந்த கடிதத்தைப் பொன்னாத்தாள் மூன்று தரம் வாசித்துக் காட்டினாள். மூன்று தரமும் அவள் கணவர் வெள்ளியங்கிரிக்கு விளங்கவில்லை. அவருடைய கோழிக்கொட்டகையில் பதிவு பெறாத கணிப்புப் பொறி ஒன்று இயங்கிவருவது வாரியத்தின் கவனத்துக்கு வந்திருக்கிறதாம். அது உண்மையில் கணிக்கிறதா, கணிப்பதுபோல் நடிக்கிறதா என்று பார்க்க ஆய்வாளர் வருவாராம். அதுவரை பொறியை ஓட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

"ரெண்டும் பண்ணாம அதை என்னங்க பண்றது?" என்று கேட்டாள் பொன்னாத்தாள்.

"இன்னொருக்கா படி புள்ள," என்றார் வெள்ளியங்கிரி.

அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் பதினாறு வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். மத்தியப் பிரதேசத்தில் ஒரு போர் போடும்போது காற்றுக்குழாய் கழன்று, கல்லும் சேறும் முகத்தில் அடித்ததில் பார்வை போயிற்று. ஊர் திரும்பியதும், எருமப்பட்டிக்குக் கிழக்கே பொன்னாத்தாளின் அப்பா கொடுத்த காட்டில் இருவரும் கொட்டகை போட்டார்கள். பத்து வரிசை, வரிசைக்கு இருநூறு கோழி. நாமக்கல் பக்கம் இதைப் பண்ணை என்று சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் இருவரும், வேலைக்கு ஆத்தாயி என்ற பெண்ணும் பிழைக்க அது போதும்.

கோழிக்குச் சீக்கு வந்தால் முதலில் குறைவது முட்டைதான். தும்முவதும் தலை தொங்குவதும் மூன்று நாள் கழித்து. கண்ணுள்ளவர்கள் கோழியைப் பார்த்துச் சீக்கைக் கண்டுபிடிப்பார்கள். வெள்ளியங்கிரியால் பார்க்க முடியாது. அதனால் எண்ணினார். கையால் எண்ணினால் பாதியில் யாராவது கூப்பிட்டுத் தப்பிப்போகும். எட்டு மாதம் மெனக்கெட்டு, எண்ணெய் டின்னை வெட்டித் தகடு செய்து, சைக்கிள் பிரேக் ஒயரைக் கட்டி ஒரு மிசின் பண்ணினார்.

சங்கதி ரொம்பச் சுருக்கம். சரிவான தகரக் காடியில் முட்டைகளை ஒவ்வொன்றாக உருட்டிவிட வேண்டும். ஒரு முட்டை போனால் முதல் தகடு நிமிரும். அடுத்த முட்டைக்கு அது படுக்கும். படுக்கும்போது ஒயர் இரண்டாவது தகட்டை ஒரு முறை தட்டும். இரண்டாவது படுக்கும்போது மூன்றாவதைத் தட்டும். இப்படி எட்டுத் தகடு. நிமிர்ந்திருந்தால் முதல் தகட்டுக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நாலு, இப்படி இரட்டித்துக்கொண்டே போய் எட்டாவதற்கு நூற்று இருபத்தெட்டு. ஒரு வரிசை முட்டை உருண்டு முடிந்ததும் விரலால் தடவி, நிமிர்ந்ததை எல்லாம் கூட்டிக்கொள்வார். நூற்று எண்பத்தேழு என்று வந்தால் கோழிகள் நலம். நூற்று அறுபது என்று வந்தால் அன்றைக்கே மருத்துவருக்குப் போன் போடுவார். போன வருஷம் அப்படித்தான் ஏழாவது வரிசை பிழைத்தது.

தீவனம் கொண்டுவந்த வியாபாரி ஒருவர் இதைச் செல்போனில் படம் பிடித்து, 'கண் தெரியாதவர் செய்த கம்ப்யூட்டர்' என்று தலைப்பு வைத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார். நல்ல மனுஷர், பெருமையாகத்தான் அனுப்பினார். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அவர் போடாமல் இருந்திருக்கலாம்.

ஆய்வாளர் தமிழரசு புதன்கிழமை ஜீப்பில் வந்தார். இளவயது. எதைச் செய்வதற்கு முன்பும் கையேட்டைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தது. பொன்னாத்தாள் மோர் கொடுத்தபோதும் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"உங்க கருவிக்கு மொத்தம் எத்தனை நிலைங்க?" என்று தொடங்கினார்.

"ஒரே நிலைதானுங்க. ரெண்டு செங்கல்லு மேல நிக்குது."

தமிழரசு 'ஒன்று' என்று எழுதிக்கொண்டார். "அடுத்த நிலைக்கு எப்படிங்க போகும்?"

"செங்கல்லை உருவினாக் கீழ உழுந்துரும்."

'வீழ்நிலை' என்று எழுதினார். "நாடா எவ்வளவு நீளமுங்க?"

"பாவாடை நாடாங்களா?" என்று கேட்டாள் தீவனம் அள்ளிக்கொண்டிருந்த ஆத்தாயி.

"கருவியோட நாடாங்க. எழுதறதுக்கும் அழிக்கறதுக்கும்."

"நாங்க முட்டையத்தானுங்க எண்ணறோம். எழுதறதுமில்ல, அழிக்கறதுமில்ல," என்றார் வெள்ளியங்கிரி.

தமிழரசின் பேனா நின்றுவிட்டது. நாடா இல்லாத கருவிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. பிறகு மிசினைச் சுற்றிச் சணல் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஓட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது என்ற நிபந்தனையை மீறாமல் இருக்க அது ஒன்றுதான் வழி என்று கையேட்டில் இருந்ததாம்.

வாரியத்தின் சேலம் மண்டல அலுவலகம் அயோத்தியாப்பட்டணத்தில், ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் இருந்தது. எருமப்பட்டியிலிருந்து நாமக்கல்லுக்கு ஒரு பஸ், அங்கிருந்து சேலத்துக்கு ஒரு பஸ், பிறகு டவுன் பஸ். வெள்ளியங்கிரியால் தனியாகப் போக முடியாது. விசாரணை நாளெல்லாம் பொன்னாத்தாளும் கூடப் போனாள். கொட்டகையை ஆத்தாயி ஒருத்தியே பார்த்துக்கொண்டாள். தீவனம், தண்ணி, முட்டை பொறுக்குவது, அட்டையில் அடுக்குவது எல்லாம் அவள் தலையில். எண்ணுவதற்கு அவளுக்கு நேரம் இல்லை.

இயக்குநர் முனைவர் இளஞ்செழியனின் அறைக் கதவில் இன்னும் 'மணமகன் அறை' என்றே எழுதியிருந்ததாகப் பொன்னாத்தாள் கணவர் காதில் சொன்னாள். வெள்ளியங்கிரி உட்கார்ந்த நாற்காலியின் கையில் ஒரு தகரச் சீட்டு தட்டுப்பட்டது. தண்ணி கொடுத்த டம்ளரிலும் ஒன்று தொங்கியது.

"இது என்னங்க சீட்டு?"

"பதிவு எண்," என்றார் இயக்குநர். "எங்கள் வாரியத்தில் இரண்டு கொள்கைகள் உண்டு. குறுகிய வரையறைக்காரர்கள், மின்சாரம் இல்லாமல் கணிப்பே இல்லை என்பார்கள். அகன்ற வரையறைக்காரர்கள், ஒரு விதிப்படி ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகும் எதுவும் கணிக்கிறது என்பார்கள். தண்ணீர் சூடாக இருந்து ஆறிப்போகிறது. ஆகவே டம்ளர் கணிக்கிறது. அவர்கள் பெரும்பான்மையாக இருந்த ஆண்டில் டம்ளர்களுக்குப் பதிவு எண் கொடுத்தோம். சுவருக்கும் கொடுத்தோம். அதன்பின் குறுகியவர்கள் வந்தார்கள். பதிவு செய்தோம், ரத்து செய்தோம், ரத்தை ரத்து செய்தோம். இந்த வாரியம் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஒரு கணக்கைக்கூட நாங்கள் தப்பாகப் போட்டதில்லை. போட்டதே இல்லை."

"என் மிசினு கணக்குப் போடுதுன்னு வெச்சுக்கறதுங்களா, போடலைன்னு வெச்சுக்கறதுங்களா?"

"அதுதான் கேள்வி. போடுகிறது என்றால் பதிவு இல்லாமல் போட்டது குற்றம். போடவில்லை என்றால் போடுவதுபோல் வேடம் காட்டியது குற்றம். எந்தக் குற்றம் என்று தெரியாமல் உங்களை விடுவிப்பது உங்களுக்கே அநியாயம்."

வெள்ளியங்கிரி காதைத் தீட்டிக்கொண்டார். ரிக் வண்டியில் பாறை இறுகும்போது கம்ப்ரசர் சத்தம் மாறும். மாறினால் நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முதலில் நாடா," என்றார் இயக்குநர். "கணிக்கும் பொறிக்கு முடிவில்லாத நாடா வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை. முடிவில்லாத நாடாவோடு வாருங்கள்."

"உங்க மேசை மேல ஒரு கம்ப்யூட்டரு உர்ருங்குதே, அதுல அந்த நாடா இருக்குதுங்களா?"

"அரசுக் கருவிகளின் நாடா முடிவில்லாதது என்று கருதப்படும்," என்றார் இயக்குநர்.

குமாரபாளையத்தில் தறிச் சாமான் கடை வைத்திருந்த நிஜாமுதீன், வெள்ளியங்கிரிக்கு ரிக் காலத்துச் சிநேகம். அவர் கடையில் கரைத்துணி, நாடா, நூல் என்று எல்லாம் உருளை உருளையாக இருக்கும். வெள்ளியங்கிரியும் பொன்னாத்தாளும் அங்கே பஸ் ஏறிப் போனார்கள்.

"வாங்க வெள்ளியங்கிரி, உக்காருங்க. என்ன நாடா வேணும்? அரை இஞ்சா, ஒரு இஞ்சா?"

"அகலம் எப்படியோ இருக்கட்டும் பாய். முடிவு இருக்கக் கூடாதுங்கறாங்க."

நிஜாமுதீன் சிரிக்கவில்லை. கவர்மெண்டு கேட்டது என்றால் சிரிக்கக் கூடாது என்பது அவர் வியாபார அனுபவம். முழுக் கதையையும் கேட்டுவிட்டுக் கேட்டார்: "ஆரம்பம் இருக்கணும்னு ஏதாச்சும் எழுதியிருக்கா?"

பொன்னாத்தாள் கடிதத்தைப் பார்த்தாள். "அப்படி ஒன்னும் இல்லீங்க பாய்."

நிஜாமுதீன் மூன்று மீட்டர் வெள்ளை நாடாவை வெட்டி, இரண்டு நுனியையும் சேர்த்துத் தையல் மிசினில் ஓட்டினார். தையல் தெரியாமல் மேலே இஸ்திரி போட்டார். "இந்தாங்க. எங்க தேடினாலும் முடிவு கெடைக்காது."

அடுத்த விசாரணையில் வாரிய உறுப்பினர்கள் மூவர் அந்த நாடாவைக் கையில் பிடித்து முடிவைத் தேடினார்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் தடவிக்கொண்டே போக, மூன்றாமவர் குறிப்பெடுத்தார். பதினோரு மணிக்குத் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டு வரைக்கும் போனார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து எதிர்த்திசையில் போனார்கள். நாலு மணிக்குக் குறிப்பெடுத்தவர் வாசித்தார்: "ஐந்து மணி நேரத் தேடலில் முடிவு எதுவும் தென்படவில்லை. எனினும், அதே கறை ஒன்று அடிக்கடி தென்பட்டது."

நாடாவைத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டார்கள். முட்டை எண்ணும் மிசினுக்கும் அந்த நாடாவுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கவில்லை. பொன்னாத்தாள் அதைத் தகடுகளின் மேல் மாலைபோல் போட்டாள்.

"அடுத்து நிற்றல் சான்று," என்றார் இயக்குநர். "உங்கள் பொறி ஓடத் தொடங்கினால் என்றைக்காவது நிற்குமா, நிற்காதா என்று முன்கூட்டியே நிரூபிக்க வேண்டும்."

"முட்டை தீந்தா நின்னுருமுங்க."

"முட்டை தீருமா?"

"கோழி தீந்தா தீரும்."

"கோழி தீருமா?"

வெள்ளியங்கிரிக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. "ஏனுங்க, எங் கோழிக்குச் சாபம் குடுக்கறீங்களா?"

நிற்றல் சான்று எப்படி வாங்குவது என்று தெரிந்துகொள்ள அவர்களை 'மணமகள் அறை'க்கு அனுப்பினார்கள். உள்ளே ஒரு மாவாட்டும் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி நாலு பேர் நோட்டோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நடுவயதுப் பெண் ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் பெயர் அனிதா. சேலத்தில் டிபன் கடை வைத்திருந்தாளாம்.

"என் கிரைண்டருங்க," என்றாள். "நேரத்தைத் திருகிவெச்சா தானா நிக்கற மாதிரி, பழைய கடிகாரத்தைப் போட்டு நானே மாத்தினேன். அதுதான் தப்பாப் போச்சு. தானா நிக்குமான்னு பாக்கறோம்னு கொண்டாந்தாங்க. வர்ற வழியிலயே கடிகாரம் ஒடைஞ்சு போச்சு. நாலு வருஷமா ஓடுது. கல்லு தேஞ்சு பாதியாயிருச்சு."

"சுச்சை அமத்துனா நின்னுட்டுப் போகுது?" என்றாள் பொன்னாத்தாள்.

நோட்டு வைத்திருந்தவர்களில் ஒருவர் பதறி எழுந்தார். "அம்மா! தொடாதீங்க. நிறுத்தினா அது நின்றதாக ஆகாது. நிறுத்தப்பட்டதாக ஆகும். நாலு வருட ஆராய்ச்சி வீணாகிவிடும்."

"நீங்க எதுக்குங்க தெனமும் வர்றீங்க?" என்று அனிதாவிடம் கேட்டார் வெள்ளியங்கிரி.

"என்னிக்காவது நின்னா அன்னைக்குத் திருப்பித் தருவாங்களாம். நான் இல்லாத நாள்ல நின்னுருச்சுன்னா?"



பத்தொன்பதாம் நாள் விசாரணைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், நாலாவது வரிசையில் கோழிகள் தும்முவது கேட்டது. அவர் வரிசையோடு நடந்து கூண்டுக்குள் கையைவிட்டார். இரண்டு கோழி விறைத்துக் கிடந்தன. பொன்னாத்தாள் ஓடிவந்து பார்த்தாள். அதற்கு அடுத்த கூண்டிலும் தலைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஒரு வாரமா முட்டை கம்மியாத்தான் தெரிஞ்சுதுங்க," என்றாள் ஆத்தாயி. "எவ்வளவு கம்மின்னு தெரியலீங்க. வெயிலுக்குன்னு நெனச்சனுங்க சாமி."

"உம்மேல தப்பில்ல ஆத்தாயி," என்றார் வெள்ளியங்கிரி.

மருத்துவர் வந்து ஊசி போட்டார். நாலு நாள் முன்னாடி கூப்பிட்டிருந்தால் ஒன்றுகூடப் போயிருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். பொழுது சாய்வதற்குள் அறுபத்திரண்டு கோழி செத்தன. குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். ஒவ்வொன்றையும் வெள்ளியங்கிரியே கையில் வாங்கிக் குழிக்குள் வைத்தார். எண்ணிக்கொண்டே வைத்தார்.

மறுநாள் அயோத்தியாப்பட்டணத்தில் தீர்ப்பு தயாராக இருந்தது. மேசைமேல் அவருடைய மிசின், சணலும் அரக்குமாக, நாடா மாலையோடு. மூன்று உறுப்பினர்கள், தமிழரசு, நடுவில் இயக்குநர். வேடிக்கை பார்க்க வந்து கதவோரம் நின்றாள் அனிதா.

இயக்குநர் வாசித்தார்: "குறுகிய வரையறையையும் அகன்ற வரையறையையும் வாரியம் நீண்ட நேரம் ஆராய்ந்தது. தகடு நிமிர்கிறது, படுக்கிறது. தகட்டுக்கு அவ்வளவுதான் தெரியும். அதை 'நூற்று எண்பத்தேழு' என்று படிப்பது யார்? தகடு அல்ல. மனுதாரரின் விரல். ஆகவே கணிப்பு தகட்டில் நிகழவில்லை. விரலில் நிகழ்கிறது. பொறி குற்றமற்றது என வாரியம் அறிவிக்கிறது. பதிவு பெறாத கணிப்புக் கருவி மனுதாரரின் விரல்களே. பதிவு முடியும்வரை அவற்றுக்கு முத்திரை வைக்க உத்தரவிடப்படுகிறது."

"எத்தனை வெரலுக்குங்க?" என்று கேட்டார் வெள்ளியங்கிரி.

உறுப்பினர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். "அதை எண்ண ஒரு துணைக்குழு அமைக்கப்படும்," என்றார் இயக்குநர். "தமிழரசு, இப்போதைக்குப் பத்து என்று கருதிக்கொள்ளுங்கள்."

அரக்கு உருகும் வாசனை வந்தது. தமிழரசு பக்கத்தில் வந்து நின்றார். "கையை நீட்டுங்க ஐயா," என்றார், மெதுவாக.

வெள்ளியங்கிரி கையை நீட்டினார். தமிழரசின் பக்கம் அல்ல, மேசையின் பக்கம். தடவி மிசினைத் தொட்டார். சணல் முடிச்சைக் கண்டுபிடித்தார். ரிக் குழாய் திருகிய கை. ஒரே இழுப்பு. அரக்கு நொறுங்கி மேசைமேல் சிதறும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"நேத்து அறுபத்திரண்டு கோழியப் பொதைச்சனுங்க," என்றார். குரலை உயர்த்தவில்லை. "நாலாவது வரிசை. மொத நாளே இந்தத் தகடு எனக்குச் சொல்லியிருக்கும். நீங்க பத்தொம்பது நாளா இது சொல்லுமா சொல்லாதான்னு பேசிட்டு இருந்தீங்க. தகட்டுக்கு என்ன தெரியும்னு கேட்டீங்களே, உங்களுக்கு என்னங்க தெரியும்? முட்டை கொறைஞ்சது தெரியுமா? கோழி தும்முனது தெரியுமா? எனக்குக் கண்ணு தெரியாது. அதுக்கு நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். அது கணக்கோ, கணிப்போ, வெறும் டின்னுத் தகரமோ, பேரு உங்களுது. வெச்சுக்கங்க. தகரம் என்னுது. வெரலு என்னுது."

"உத்தரவில்லாமல் அதை எடுக்க முடியாது!" என்றார் இயக்குநர்.

"எடுத்துட்டனுங்களே," என்றார் வெள்ளியங்கிரி. மிசின் ஏற்கெனவே அவர் தோளில் இருந்தது.

மனுதாரர் எழுந்து போனால் என்ன செய்வது என்று உறுப்பினர்கள் கையேட்டைப் புரட்டினார்கள். 'மனுதாரர் அமர்வார்' என்றும் 'மனுதாரர் அனுப்பப்படுவார்' என்றும் இருந்தது. 'மனுதாரர் போவார்' என்று எங்கும் இல்லை. அவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறையில் சத்தம் அடங்கியது. நாலு வருஷமாக ஓடிய சத்தம் நின்றதும் மண்டபமே காது அடைத்ததுபோல் ஆகிவிட்டது.

கதவோரம் அனிதா இல்லை. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது: "சுச்சை அமத்திட்டேனுங்க! நின்னுருச்சு! ஆட்டோவக் கூப்பிடப் போறேன், யாராவது ஒரு கை பிடிங்க!"

மூன்று உறுப்பினர்களும் இயக்குநரும் அந்த அறைக்கு ஓடினார்கள். கிரைண்டர் நின்றதா, நிறுத்தப்பட்டதா என்ற விவாதம் அங்கே தொடங்கியது. பொன்னாத்தாள் கணவர் முழங்கையைப் பிடித்து வாசலுக்கு நடத்தினாள். டவுன் பஸ் கண்டக்டர் மிசினைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்.

"முட்டை எண்ணற மிசினுங்க," என்றாள் பொன்னாத்தாள்.

"அப்படிங்களா. பின்னாடி சீட்டுக்கு அடியில வெச்சுக்கங்க," என்றார் கண்டக்டர். அவருக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியவேண்டியிருக்கவில்லை.

மறுநாளிலிருந்து மிசின் ஓடியது. நாலாவது வரிசையில் மிச்சமிருந்த நூற்று முப்பத்தெட்டுக் கோழியும் மெல்ல மெல்லத் தேறின. முட்டை நாற்பதில் தொடங்கி, எழுபதாகி, நூறைத் தாண்டியது. ஆத்தாயி தினமும், "இன்னைக்கு எவ்வளவுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வேறு வேலை பார்த்தாள்.

பத்து நாள் கழித்துத் தமிழரசு வந்தார். ஜீப் இல்லை, மோட்டார் சைக்கிளில். ஒரு கடிதத்தைப் பொன்னாத்தாளிடம் கொடுத்தார். அவள் வாசித்தாள்.

"'உத்தரவின்றிப் பொறி வாரிய வளாகத்தை விட்டு வெளியேற விதியில் இடமில்லை. ஆகவே அது வெளியேறவில்லை. அலுவலக மேசைமீது முத்திரையுடன் இருப்பதாகக் கருதப்படும். அதன் காவலுக்கு ஊழியர் ஒருவர் நியமிக்கப்பட்டுள்ளார். இதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் மேல் விசாரணை கைவிடப்படும்.'"

கொட்டகையில் முட்டைகள் காடியில் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தமிழரசுக்கும் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"கையெழுத்தப் போட்டு உடுங்க," என்றாள் பொன்னாத்தாள் கணவரிடம். "அங்கயே இருக்குதுன்னு நெனச்சுக்கட்டும். நமக்கு இங்க ஓடுதில்ல. இனிமே அந்த மண்டபத்துக்கு அலைய வேண்டாம்."

வெள்ளியங்கிரி வெகுநேரம் யோசித்தார். ஒரு கையெழுத்துத்தான். தொல்லை முடிந்துவிடும். அவருக்கும் அலுப்பாகத்தான் இருந்தது.

"இங்க இருக்கறத அங்க இருக்குதுன்னு இன்னைக்குக் கையெழுத்துப் போடலாம்," என்றார். "நாளைக்கு, செத்த அறுபத்திரண்டும் உசுரோட இருக்கறதாக் கருதப்படும்னு ஒரு காயிதம் வரும். அதுக்கும் போடறதா புள்ள?"

பொன்னாத்தாள் கடிதத்தை மடித்து வைத்தாள். உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துவந்து உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள்:

"வாரியத்துக்கு. மிசின் எருமப்பட்டியில் என் கொட்டகையில் இருக்கிறது. தினமும் ஓடுகிறது. முத்திரையை உடைத்தது நான்தான். அது பண்ணுவதற்கு என்ன பேர் என்று நீங்கள் முடிவு செய்யும்வரை நான் எண்ணுவதை நிறுத்தமாட்டேன். முடிவு செய்த பிறகும் நிறுத்தமாட்டேன். இப்படிக்கு, ரா. வெள்ளியங்கிரி."

அவர் இடக்கை விரலைத் தாளில் வைத்து இடம் பார்த்துக்கொண்டு, கோணலாகக் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே பொன்னாத்தாள் அவர் சொல்லாமலே தன் கையெழுத்தையும் போட்டாள்.

தமிழரசு தாளைப் பார்த்தார். "இது எந்தப் படிவமுங்க?"

"படிவம் இல்லீங்க. வெள்ளைத்தாளு."

"வெள்ளைத்தாளை வாங்கறதுக்கு விதி இல்லீங்களே."

"வாங்கக் கூடாதுன்னு விதி இருக்குதுங்களா?"

தமிழரசு பையிலிருந்து கையேட்டை எடுத்தார். தாள் புரளும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது. கையேட்டை மூடிப் பையில் போட்டுவிட்டு, வெள்ளைத்தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மேசைக்குக் காவல் போட்டிருக்கறது என்னைத்தானுங்க," என்றார். "காலி மேசைக்கு. அதைச் சொல்லணும்னு தோணுச்சு. வாரேனுங்க ஐயா."

மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. வெள்ளியங்கிரி அப்போது இரண்டாவது வரிசையை முடித்துத் தகடுகளைத் தடவிக்கொண்டிருந்தார். இயக்குநர் இளஞ்செழியனே பேசினார். குரலில் தூக்கமின்மை தெரிந்தது.

"உங்கள் தாள் எங்கள் பதிவேட்டில் எந்தக் கட்டத்திலும் பொருந்தவில்லை. பொறி இங்கே இருக்கிறது என்றால் உங்கள் தாள் பொய். உங்கள் தாள் உண்மை என்றால் எங்கள் பதிவேடு பொய். இரண்டும் ஒரே கோப்பில் இருக்கின்றன. மூன்று நாளாக மூன்று உறுப்பினர்களும் வீட்டுக்குப் போகவில்லை. தயவுசெய்து தாளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்."

"முடியாதுங்க."

"ஒரு வரியை மாற்றிக் கொடுத்தாலும் போதும்."

"ஒரு எழுத்தும் மாத்த மாட்டனுங்க."

"அப்படியென்றால் நாங்கள் என்னதான் செய்வது?"

ஆத்தாயி மூன்றாவது வரிசை முட்டைக் கூடையைக் கொண்டுவந்து காடியருகில் வைத்தாள். வெள்ளியங்கிரி போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, நிமிர்ந்திருந்த தகடுகளை ஒவ்வொன்றாகப் படுக்கவைத்தார்.

"அது உங்க கணக்குங்க," என்றார். "நீங்களே போட்டுக்குங்க."